ஆடிப்பட்டம் இங்கே பலிக்குமா?

கேள்வி: போன வருஷம் ஜூன் கடைசியில் நல்ல தடித்த முட்டைக்கோஸ் நாற்றாகப் பார்த்து வாங்கி நட்டேன். கோஸ் உருண்டு மூடாமலே அக்டோபரில் பூத்தண்டு விட்டுவிட்டது. செப்டம்பர் கடைசியில் போட்ட பட்டாணி பூத்ததோடு சரி, காய்க்கவில்லை. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது இங்கே செல்லாதா?
– வாசகி, லெனேசியா

பதில்: தமிழ்நாட்டு மழையை நம்பிச் சொன்ன பழமொழி அது. ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றியுள்ள நம் தென்னாப்பிரிக்க மேட்டுநிலமான ஹைவெல்டில் ஆடி என்றால் குளிர்காலம்; வறட்சியும் உறைபனியும்தான். ஆனாலும் பட்டாணிக்கு மட்டும் ஆடி பொருந்துகிறது, காரணம்தான் வேறு. வெயில் 27 டிகிரியைத் தாண்டினால் பட்டாணிப் பூ உதிரும். ஆகஸ்ட் முதல் வாரம் விதைத்தால் செடி பூக்கும்போது உறைபனி போயிருக்கும், கடும் வெயில் வந்திருக்காது. செடி லேசான உறைபனியைத் தாங்கும், பூ தாங்காது. நீங்கள் போட்டது பூத்ததோ நவம்பர் வெயிலில்.

தேதியைவிட மண்ணை நம்புங்கள். காலை எட்டு மணிக்கு, 5 செ.மீ. ஆழத்தில் தெர்மாமீட்டரைச் செருகிப் பாருங்கள். தொடர்ந்து மூன்று நாள் 7 டிகிரி காட்டினால் பட்டாணி போடலாம். கேரட், பீட்ரூட்டுக்கு 10 டிகிரியாவது வேண்டும்; அதற்குமுன் போட்டால் முளைக்க மூன்று வாரம்கூட ஆகும், ஈரம் மிஞ்சினால் விதை அழுகும். மண்ணைப் பிடித்து அழுத்தும்போது உருண்டையாகி, தட்டினால் உதிர வேண்டும். உதிராவிட்டால் இரண்டு நாள் பொறுங்கள்.

முட்டைக்கோஸில் தவறு அந்தத் தடிப்பில்தான். தண்டு பென்சில் அளவு பருத்த நாற்று, 10 டிகிரிக்குக் கீழே சில வாரம் கிடந்தால் குளிர்காலம் கழிந்ததாக எடுத்துக்கொண்டு பூக்கத் தயாராகிவிடும். நான்கைந்து இலை விட்ட சின்ன நாற்றை, ஒரு வாரம் பகலில் வெளியே வைத்துப் பழக்கி, ஆகஸ்ட் கடைசியில் 45 செ.மீ. இடைவெளியில் நடுங்கள். உறைபனி வரும் இரவில் குச்சி ஊன்றிப் பழைய போர்வையால் மூடலாம். பிளாஸ்டிக் வேண்டாம், இலையில் பட்ட இடம் கருகும். வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள்.

கொத்தமல்லியும் வெயில் ஏறினால் பூத்துவிடும். ஒரே தடவையாக விதைக்காமல் செப்டம்பர் வரை மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள்.

கேள்வி: சாட்ஸ்வொர்த்திலும் இதே கணக்குதானா?
– வாசகர், டர்பன்

பதில்: இல்லை. டர்பன் கடலோரத்தில் உறைபனிப் பயம் கிட்டத்தட்ட கிடையாது. குளிர்காலமே உங்களுக்குப் பட்டாணிக் காலம். மார்ச் முதல் ஜூன் வரை விதைத்துவிடுங்கள். ஆகஸ்டில் வெண்டை, கத்தரிக்குப் பாத்தி கட்டுங்கள்.