சாப்பா மலையில ஹோம்ஸ்டே: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

வட வியட்நாம் சாப்பா பக்கம் ஹ்மோங், ஸாய் மக்களோட ஊர்ல சிங்கப்பூர்ல இருந்து போயி நாலு தடவ தங்கி நடந்துட்டு வந்திருக்கேன், கேளுங்க.

ஈசூன் அப்பா: அக்கா, ஸ்கூல் லீவுக்கு ஜூன் பெஸ்ட்டா டிசம்பரா?

ரெண்டும் வேணாம். செப்டம்பர்ல ஒரு வாரம் லீவு விடுறாங்கல்ல, அதுல போங்க. அங்க குளிருக்கு வருஷத்துக்கு ஒரே போகம்தான், அப்பதான் லாவ் சாய், தா வான் பக்கம் படிப்படியா நெல்லு பழுத்து நிக்கும். ஜூன்ல மழ, ஒரே களிமண்ணு. நான் இருநூறு வெள்ளி ஷூ போட்டுக்கிட்டு வழுக்கி உக்காந்துட்டேன், முன்னாடி போன ஹ்மோங் அக்கா பிளாஸ்டிக் செருப்போட, நடந்துக்கிட்டே துணிக்கு நாரு முறுக்கிக்கிட்டு இருந்தவங்க, ஒத்தக் கையால தூக்கி விட்டாங்க. டிசம்பர்னா, சாப்பா 1,500 மீட்டர் உயரம், சில ராத்திரி ஜீரோ கிட்ட போயிடும், மர வீட்டு மாடியில ஹீட்டர்லாம் எதிர்பாக்காதீங்க. ஆனா 2024 செப்டம்பர்லதான் யாகி புயலும் அடிச்சுது, வானிலை பாத்துட்டுக் கிளம்புங்க. புக் பண்ணும்போது கைடு எந்த ஊருன்னு கேளுங்க, அந்த மலை ஊர்க்காரங்களாவே இருக்கட்டும்.

பொங்கோல்: டாய்லெட் எப்படி?

இருக்கு. ராத்திரி மாடியில இருந்து இறங்கி வெளிய போகணும். டார்ச்.

தெம்பனிஸ்: சைவம் கிடைக்குமா?

"ஆன் சாய்"னு சொல்லுங்க. மீன் சாஸ், பன்னிக் கொழுப்பு வேணாம்னு தனியாவும் சொல்லணும். கோஸ், டோஃபு, சோறு வரும். ஊறுகா எடுத்துட்டுப் போங்க. என்னோடத வீட்டுக்காரம்மா ஒரு வாய் வச்சுட்டு ஓடிப் போய் தண்ணி குடிச்சாங்க, காலைல அவங்களே திரும்பக் கேட்டாங்க.

ஜூரோங்: ஹனோய்ல இருந்து ட்ரெயின் நேரா போகுமா?

லாவ் காய் வரைக்கும்தான், அப்புறம் வேன்ல ஒரு மணி நேரம். லாவ் காய் டவுன் வேற, லாவ் சாய் ஊரு வேற, குழப்பிக்காதீங்க.

செங்காங்: பிள்ளைங்களுக்கு சாக்லேட் வாங்கிட்டுப் போலாமா?

வேணாம். பிள்ளைங்ககிட்ட எதையும் வாங்கவும் வேணாம். ரோட்டுல காசு கிடைக்குதுன்னா ஸ்கூலுக்கு எதுக்குப் போகும்?

செங்காங்: அது அவங்க பொழப்புக்கா. எங்க தாத்தா கச்சாங் பூத்தே, அதான் வறுத்த கடலை, வித்துதான் குடும்பத்தையே காப்பாத்துனாரு!

ஈசூன் அப்பா: அதான, ரெண்டு வெள்ளியில என்ன கெட்டுடும்?

தாத்தா வித்தாரு, சரி. உங்கப்பாவ விக்க அனுப்பினாரா, ஸ்கூலுக்கு அனுப்பினாரா? அதத்தான் சொல்றேன், அம்மாக்காரங்ககிட்ட வாங்குங்க. அவுரி சாயம் முக்குன துணி, புதுசுன்னா உங்க கையிலயும் நீலம் ஒட்டும், அவங்க விரல் வருஷம் முழுக்க அப்படித்தான் இருக்கும். பேரம் பேசி அரை வெள்ளி குறைக்காதீங்க.

செங்காங்: அப்பா ஸ்கூலுக்குத்தான் போனாரு. சாயந்திரம் வித்தாரு.

சரி லா, நீங்க ஜெயிச்சீங்க. சாக்லேட் மட்டும் வேணாம்.

தேக்கா: ஹனோய் ஏஜென்ட் பேக்கேஜ் சீப்பா இருக்கே?

கைடு எந்த ஊருன்னு கேட்டீங்களா? மூணாவது தடவ சொல்ல வைக்காதீங்க.

பாசிர் ரிஸ்: சரவாக் பாரியோ?

கெலாபிட் மக்களோட ஊரு. மீரியில இருந்து 19 சீட்டு குட்டி பிளேன், பையோட உங்களையும் தராசுல ஏத்துவாங்க. அதுக்குத் தனியா ஒரு நாள் உக்காருவோம்.

உட்லண்ட்ஸ்: அக்கா, டாய்லெட் எப்படி?

டார்ச்.