மட்குக் குழி நாறினால் முதலில் பார்க்க வேண்டியது சருகு மூட்டை

கேள்வி: எங்கள் தெருவில் முப்பது வீடுகள் சேர்ந்து ஒரு பொதுத் தோட்டம் போட்டிருக்கிறோம். வீட்டுக் காய்கறிக் கழிவைத் தோட்டத்து மூலையில் நாலடி ஆழக் குழி வெட்டிக் கொட்டி வருகிறோம். ஒரு மாதத்துக்குள் தாங்க முடியாத நாற்றம், போதாததற்கு ஈ. பக்கத்து வீட்டார் குழியை மூடச் சொல்கிறார்கள். நுண்ணுயிர்ப் பொடி வாங்கிப் போட்டும் மாற்றமில்லை. மூடிவிடுவதா, வேறு வழி இருக்கிறதா?

பதில்: குழியை மூடத்தான் வேண்டும், ஆனால் மட்கு தயாரிப்பதை நிறுத்த வேண்டாம். உங்கள் கேள்வியில் காய்கறிக் கழிவு வருகிறது, பொடி வருகிறது, குழியின் ஆழம்கூட வருகிறது, சருகு மட்டும் ஓரிடத்திலும் வரவில்லை. உங்கள் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

காய்கறித் தோலில் பெரும்பகுதி தண்ணீர். அதை மட்டும் குவித்தால் இரண்டே நாளில் கூழாகி அமுங்கி, உள்ளே காற்றுப் புக இடமில்லாமல் போய்விடும். காற்று இருந்தால் வேலை செய்யும் நுண்ணுயிர்கள் வேறு, இல்லாத இடத்தில் பெருகுபவை வேறு. இந்த இரண்டாம் வகைதான் அழுகிய முட்டை நெடி அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடையும் புளித்த வாடையுள்ள அமிலங்களையும் உண்டாக்குகிறது. நாலடிக் குழி என்றால் கேட்கவே வேண்டாம், வடிகிற நீரெல்லாம் அடியில் தேங்கி நிற்கும். நாற்றம் மூக்கைக் குத்துகிற அம்மோனியா நெடியாக இருந்தால் அது வேறு கதை: நைட்ரஜன் அதிகம், கார்பன் குறைவு என்று அர்த்தம். ஆனால் இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான், காய்ந்த பொருள்.

மட்கும் குவியலில் நைட்ரஜன் ஒரு பங்குக்குக் கார்பன் 25 முதல் 30 பங்கு வரை இருப்பது நல்லது. சமையலறைக் கழிவில் இது 15 முதல் 20 வரைதான், காய்ந்த இலையில் 50க்கு மேல், மரத்தூளில் பல நூறு. இதையெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு யாரும் குப்பை கொட்டப் போவதில்லை, அதனால் வாளிக் கணக்கு போதும்: ஈரக் கழிவு ஒரு வாளி, சருகு இரண்டு வாளி. சருகு பொடியாக இல்லாமல் பொசபொசவென்று இருந்தால் மூன்று வாளி. மரத்தூள் கிடைத்தால் கொஞ்சமாகச் சேருங்கள், அதுவே முழுக்க இருந்தால் குவியல் மட்கவே மட்காது.

பொடியைப் பற்றி: அது மோசடி என்று சொல்ல மாட்டேன், தேவையில்லை என்றுதான் சொல்வேன். மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் தோலிலும் இலையிலும் மண்ணிலும் ஏற்கெனவே கோடிக்கணக்கில் இருக்கின்றன, அவற்றுக்கு மூச்சுவிட வழி இல்லாததுதான் குறை. இன்னும் ஒரு பொட்டலம் நுண்ணுயிரைக் கொட்டினால் அதுவும் சேர்ந்து மூச்சு முட்டும், அவ்வளவே. அந்தப் பணத்துக்குக் குவியலைக் கிளற ஒரு நல்ல தோட்ட முள்கரண்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது குழியில் கிடப்பதை என்ன செய்வது? வெளியே எடுத்தாக வேண்டும். கையுறை, முகக்கவசம் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள், ஏனென்றால் அன்றைக்கு மட்டும் நாற்றம் இன்னும் கூடும். தரைக்கு மேலே, இடைவெளி விட்டு அடுக்கிய செங்கல்லிலோ பலகையிலோ கம்பி வலையிலோ நீளம், அகலம், உயரம் மூன்றும் சுமார் ஒரு மீட்டர் வரும்படி ஒரு தொட்டி கட்டுங்கள். அதைவிடச் சின்னதாக இருந்தால் சூடு உள்ளே நிற்காது. அடியில் ஒரு சாண் உயரத்துக்குச் சுள்ளி. அதன்மேல் குழியிலிருந்து எடுத்ததைச் சருகோடு நன்றாகக் கலந்து போட்டு, கடைசியில் நாலு விரல் கனத்துக்கு வெறும் சருகால் மூடிவிடுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கையில் ஈரம் தெரிய வேண்டும், ஒன்றிரண்டு சொட்டுக்கு மேல் விழக்கூடாது. ஒழுகினால் இன்னும் சருகு சேருங்கள். பழைய குழியை மண் போட்டு மூடிவிடலாம்.

கலவை சரியாக இருந்தால் சில நாளில் நடுப்பகுதி சூடாகும். ஓர் இரும்புக் கம்பியைப் பத்து நிமிடம் செருகி எடுத்துத் தொட்டாலே தெரிந்துவிடும். நடுவில் 55 டிகிரி செல்சியஸ் தொடர்ந்து மூன்று நாள் நின்றால் பெரும்பாலான நோய்க்கிருமிகளும் களை விதைகளும் அங்கே சாகும். ஓரத்தில் இருப்பது அப்படியே தப்பிவிடும் என்பதால்தான் வாரம் ஒருமுறை கிளறி வெளிப்புறத்தை நடுவுக்குத் தள்ள வேண்டும். ஈக்கும் இதே வைத்தியம்தான். வீட்டு ஈ முட்டையிலிருந்து பறக்கும் ஈயாக, வெப்பமான காலத்தில் ஒரு வாரம் பத்து நாள் போதும், அதற்குள் புழுக்களைச் சூட்டுக்குள் தள்ளிவிட்டால் அடுத்த தலைமுறை வெகுவாகக் குறையும். தடித்த, பழுப்பு நிறப் பட்டைப் புழுக்களைப் பார்த்தால் பயப்படாதீர்கள், அது கருப்புப் படைவீரர் ஈயின் புழு. கழிவை வேகமாகத் தின்று தீர்க்கும், வளர்ந்த ஈ வீட்டுக்குள் வந்து உணவில் உட்காருகிற ரகமும் இல்லை.

இதெல்லாம் சுலபமான பகுதி. முப்பது வீடு என்பதுதான் கடினமான பகுதி. நான் பார்த்தவரை பொது மட்குத் தொட்டி கெட்டுப்போவது பெரும்பாலும் அறிவு குறைந்து அல்ல, கொட்டுவதற்கு எல்லோரும் வருவார்கள், மூடுவதற்கு யாரும் இருக்க மாட்டார்கள் என்பதால்தான். அதனால் சருகு மூட்டையைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே, கை எட்டும் தூரத்தில் வையுங்கள், பத்தடி தள்ளி வைத்தால்கூட ஆள் போக மாட்டார். கொட்டியவரே மூட வேண்டும் என்று ஒரே ஒரு விதி போதும், பத்து விதி எழுதி ஒட்டினால் யாரும் படிப்பதில்லை. எந்நேரமும் திறந்து வைக்காமல் வாரத்தில் இரண்டு மூன்று நாள், குறித்த நேரத்தில் மட்டும் திறந்து, முறை வைத்து ஒருவர் நின்று பார்த்துக்கொண்டால் கண்டது கடியது உள்ளே வராது. வாரக் கிளறலும் அந்த வாரத்து முறைக்காரரின் வேலை. அப்புறம், இலை உதிரும் பருவத்தில் முழு ஆண்டுக்கும் வேண்டிய சருகைச் சேர்த்துவிடுங்கள், சருகு வைக்கிற இடம் தொட்டியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். புகார் சொன்ன வீட்டாரைக் கூப்பிட்டுத் தொட்டியை எங்கே வைக்கலாம் என்று கேளுங்கள், அவர்கள் சுவரை ஒட்டி மட்டும் வேண்டாம்.

சமைத்த மிச்சம், இறைச்சி, மீன், எண்ணெய், பால் பொருள் எதுவும் வேண்டாம். மட்காது என்பதால் இல்லை, எலி வரும். நாய், பூனைக் கழிவும் கூடாது, அதில் வரும் ஒட்டுண்ணி முட்டைகள் சாதாரணச் சூட்டில் தப்பிவிடலாம். பிளைவுட் தூள், வண்ணம் அடித்த மரத்தின் தூள் இரண்டையும் தவிருங்கள்.

ஒழுங்காகக் கிளறினால் மூன்று நான்கு மாதத்தில் மண்வாசம் அடிக்கும் கருப்பு உரம் கிடைக்கும். பாத்தியில் போடும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள், குறிப்பாக வெளியிலிருந்து புல்லோ வைக்கோலோ சாணமோ வந்திருந்தால். அமினோபைரலிட் போன்ற சில களைக்கொல்லிகள் மாட்டின் வயிற்றையும் மட்குக் குவியலையும் தாண்டி மிஞ்சி நிற்கக்கூடியவை. உரத்தையும் மண்ணையும் சமமாகக் கலந்து ஒரு பூந்தொட்டியில் நாலு பீன்ஸ் விதை, இன்னொன்றில் வெறும் மண்ணில் நாலு விதை போட்டு மூன்று வாரம் பாருங்கள். உரத்தில் முளைத்ததில் மட்டும் இலை கிண்ணம் போல் குவிந்து முறுக்கிக்கொண்டால் அந்த உரம் காய்கறிப் பாத்திக்கு ஆகாது. புல்தரைக்குப் போடலாம், அந்தக் களைக்கொல்லி புல்லை ஒன்றும் செய்யாது.