கேள்வி நேரம்: பூட்டிய அரட்டை, திறந்த பிரதி

கேள்வி: வாட்ஸ்அப் அரட்டையை நடுவில் யாரும் படிக்க முடியாது என்கிறார்கள். பிறகு எப்படி விசாரணை அமைப்புகளின் கையில் கிடைக்கிறது?

பதில்: நடுவில் படிக்க முடியாது என்பது உண்மைதான்; பேசுபவர்கள் மட்டுமே திறக்கும்படி செய்தி பூட்டப்பட்டே (எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன்) போகிறது. ஓட்டை பெரும்பாலும் பேக்கப்பில் இருக்கிறது. கூகுள் டிரைவிலோ ஐகிளவுடிலோ சேரும் பிரதிக்கு அந்தப் பூட்டு தானாக விழாது. நீங்கள்தான் போட வேண்டும். 2021 முதல் வசதி இருக்கிறது: செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப், அதில் எண்ட்-டு-எண்ட் என்கிரிப்டட் பேக்கப். கடவுச்சொல்லோ 64 இலக்கச் சாவியோ கேட்கும். அதைத் தொலைத்தால் வாட்ஸ்அப்பாலும் மீட்டுத்தர முடியாது. தாளில் எழுதி வையுங்கள். எதிர்முனையில் இருப்பவர் போடாவிட்டால் உங்கள் பேச்சு அவருடைய பிரதியில் அப்படியே கிடக்கும். இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: அதன் பிறகு கவலையில்லையா?

பதில்: யாரோடு, எப்போது, எத்தனை முறை பேசினீர்கள் என்ற விவரம் மிச்சமிருக்கிறது. உள்ளடக்கமே இல்லாமல் ஒருவரின் வாழ்க்கையை வரைய அது போதும். 2016-இல் அமெரிக்க கிராண்ட் ஜூரி (வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் நடுவர் குழு) உத்தரவு வந்தபோது சிக்னல் என்ற அரட்டைச் செயலியிடம் கொடுக்க இருந்தவை இரண்டே: கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள். சேமிக்காததை யாரும் பறிக்க முடியாதே!

போனே பிறர் கைக்குப் போகலாம் என்பதால், சோதனைச் சாவடிக்கு முன் அதை அணைத்துவிடுங்கள். மீண்டும் இயக்கினால் முதல் முறை கைரேகை செல்லாது, பின் எண் வேண்டும். நான்கு இலக்கம் போதாது. எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக வையுங்கள்.