கழுத்து நாளத்தைப் பார்த்து வால்வு நோயை அறியலாமா?

கேள்வி: என் தாயாருக்கு வயது 61. சிறுவயதில் வாதக்காய்ச்சல் வந்து, சில காலம் மாதாந்தம் பெனிசிலின் ஊசி போட்டுப் பின்னர் நிறுத்திவிட்டவர். அண்மைக்காலமாகக் கணுக்கால்கள் வீங்குகின்றன. கட்டிலில் சாய்ந்திருக்கும்போது கழுத்தின் வலப்பக்கம் காதுமடல் வரை துடிக்கிறது. டிஸ்பென்சரி வைத்தியர் கழுத்தைச் சற்றுநேரம் பார்த்துவிட்டு, "வால்வில் கோளாறு இருக்கலாம், எக்கோ (இருதய ஸ்கான்) எடுங்கள்" என்றார். ஸ்டெதஸ்கோப்பை வைக்க முன்னரே இதை எப்படிச் சொல்ல முடியும்?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: சொல்ல முடியும், ஆனால் எல்லா வால்வுகளைப் பற்றியும் அல்ல. வலப்பக்க உட்கழுத்து நாளம் (இருதயத்துக்கு இரத்தத்தைக் கொண்டுவரும் குழாய்) ஏறக்குறைய நேராக இறங்கி இருதயத்தின் மேலறையான வலது சோணையறையுடன் தொடர்புறுவதால், அங்குள்ள அமுக்கம் கழுத்தில் நீர்மட்டம்போலத் தெரியும். நோயாளியை 45 பாகையளவில் சாய்த்து, நெஞ்செலும்பின் மேற்பகுதியில் விரலுக்குத் தட்டுப்படும் மேட்டிலிருந்து துடிப்பின் உச்சி செங்குத்தாக எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார்ப்பார்கள். அது 4 சென்ரிமீற்றரைத் தாண்டினால் அமுக்கம் கூடியிருக்கிறது என்று பொருள்.

துடிப்பது நாளமா, இருதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுசெல்லும் நாடியா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். நாளத்தின் துடிப்பு பெரும்பாலும் ஒரு இருதயத்துடிப்புக்கு இரண்டு அலைகளாகத் தெரியும்; விரலுக்குத் தட்டுப்படாது; கழுத்தடியில் மெல்ல அழுத்தினால் மறையும்; எழுந்து உட்கார்ந்தால் கீழிறங்கும். நாடியோ விரலை முட்டும். பெருநாடி வால்வு கடுமையாக ஒழுகினால் கழுத்தில் துள்ளுவது நாடிதான். 1832இல் டப்ளின் வைத்தியர் கொரிகன் விவரித்த அடையாளம் அது.

இனி அலையின் வடிவம். இருதயத்தின் கீழறையான வலது இதயவறை சுருங்கும்போது, அதற்கும் வலது சோணையறைக்கும் இடையிலுள்ள முக்கூர் வால்வு சரியாக மூடாவிட்டால் இரத்தம் சோணையறைக்குத் திரும்பி, ஒவ்வொரு துடிப்புக்கும் நாளத்தில் ஒரே பேரலையாக எழும். கசிவு கடுமையானால் காதுமடலே அசையும், ஈரலும் கைக்குத் துடிப்பாகத் தெரியும். இந்தப் பேரலை சில நோயாளரில் விரலுக்கும் தட்டுப்படும் என்பதால், மேற்சொன்ன விதியை மட்டும் நம்பி அதை நாடி என்று முடிவுகட்டிவிடக்கூடாது. அதே வால்வு ஒடுங்கியிருந்தால், சோணையறை சுருங்கும் வேளையில் கூர்மையான அலை எழுந்து, பின்னர் மட்டம் மந்தமாகவே இறங்கும். சோணையறை ஒழுங்கின்றி நடுங்கினால் இந்த அலை இராது.

உங்கள் தாயாரின் காதுமடல் வரை எட்டும் துடிப்பு, முக்கூர் வால்வுக் கசிவை நினைக்க வைக்கிறது. வைத்தியரின் ஐயம் நியாயமானதே. ஆயினும் வாதக்காய்ச்சல் வந்தவர்களில் மூலக்கோளாறு பெரும்பாலும் இடப்பக்க மிட்ரல் வால்வில் இருக்கும். அது ஒடுங்குவதால் நுரையீரல் இரத்தக்குழாய்களில் அமுக்கம் ஏறி, வலது இதயவறை விரிந்து, முக்கூர் வால்வின் வளையமும் அகன்றுவிடுகிறது. கழுத்தில் நாம் காண்பது அந்தத் தொடரின் கடைசிக் கண்ணியை மட்டுமே. நாட்பட்ட சுவாச நோய், சிறுநீரக நோயில் உடலில் தங்கும் நீர், இருதய உறை தடித்து இறுகுதல் ஆகியவையும் நாளமட்டத்தை உயர்த்தும் என்பதால் எக்கோ அவசியம், ஈசிஜியும் வேண்டும்.

பழைய கிளினிக் கொப்பி இருந்தால் கொண்டுசெல்லுங்கள். பெனிசிலினை மீண்டும் தொடங்குவதா என்பதை இருதய வைத்திய நிபுணர் தீர்மானிப்பார். படுத்தால் மூச்சு முட்டுமானால் திகதிக்குக் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். வீக்கத்துக்கென்று வைத்தியரைக் கேளாமல் பாமசியில் நீர்போக்கும் மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டாம்; நாளமட்டம் இறங்கிவிடும், வைத்தியர் பார்க்கவேண்டிய அடையாளமும் அதோடு மங்கிவிடும்.