டாக்டர் மகள் டிவிக்குப் போகலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். என் மகளுக்கு வயது 26. அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்து, ஹவுஸ் சர்ஜன் பயிற்சியும் முடித்து, இப்போது ஒரு தனியார் மருத்துவமனையில் டியூட்டி டாக்டராக இருக்கிறாள். அடுத்து மேற்படிப்புக்கான நீட் பிஜி தேர்வு எழுதுவாள் என்று நினைத்திருந்தோம். பொழுதுபோக்காக வீடியோ போட்டுக்கொண்டிருந்தவளை ஒரு டிவி சேனல்காரர்கள் கூப்பிட்டு, வாராவாரம் மருத்துவ நிகழ்ச்சி நடத்தச் சொல்கிறார்களாம். வேலையை விட்டுவிட்டுப் போகப்போகிறேன் என்கிறாள். 'இதற்கா ஒரு மெடிக்கல் சீட்டை வீணாக்கினாய்?' என்று கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சே இல்லை. ஸ்டெதாஸ்கோப்பை வைத்துவிட்டு மைக்கைப் பிடித்த எந்த டாக்டராவது உருப்பட்டிருக்கிறாரா? நீங்களாவது அவளுக்குப் புத்தி சொல்லுங்கள்.
(பெயர் வேண்டாம், விழுப்புரம்)

பதில்: சார், புத்தி சொல்வதை அப்புறம் பார்க்கலாம். கேட்ட கேள்விக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன்: உருப்பட்டவர்கள் உண்டு. நம் ஊரிலேயே விஜய் டிவியில் 'புதிரா புனிதமா' நடத்திய மனநல மருத்துவர் மாத்ருபூதத்தை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. பிள்ளைகள் தூங்கிவிட்டார்களா என்று பார்த்துவிட்டு, சத்தத்தைக் குறைத்து வைத்து அந்த நிகழ்ச்சியைப் பார்த்த வீடுகள் எத்தனையோ. ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தவர் வேறொருவர், பிரிட்டிஷ்காரர், மைக்கேல் மோஸ்லி. அவர் அப்பா உங்களைப் போல யாருக்காவது கடிதம் எழுதியிருந்தால் அது இதைவிட நீளமாக இருந்திருக்கும்.

மோஸ்லி பிறந்தது கல்கத்தாவில், 1957-ல். அப்பா வங்கியில் வேலை பார்த்தவர். ஏழு வயதிலேயே பையனை இங்கிலாந்துக்கு அனுப்பி விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் தத்துவமும் அரசியலும் பொருளாதாரமும் படித்தார், லண்டனில் இரண்டு வருஷம் வங்கியாளராக இருந்தார், ஒத்துவரவில்லை. சரி, மனித மனம்தான் நமக்குப் பிடித்தது, மனநல மருத்துவர் ஆகிவிடலாம் என்று முதலிலிருந்து ஆரம்பித்து லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் மருத்துவம் படித்தார். படித்து முடிக்கும் நேரத்தில், மனநோயாளிகளுக்கு மருத்துவத்தால் செய்ய முடிவது இவ்வளவுதானா என்ற ஏமாற்றம். 1985-ல் பிபிசியில் பயிற்சி உதவித் தயாரிப்பாளராகச் சேர்ந்துவிட்டார். வங்கி வேலையும் போச்சு, டாக்டர் தொழிலும் போச்சு, வயது 28. கூடப் படித்த கிளேர் பெய்லியைத்தான் கல்யாணம் செய்துகொண்டார், அவர் மட்டும் குடும்ப மருத்துவராகவே தொடர்ந்தார். வீட்டில் ஒருவராவது 'ஒழுங்காக' இருந்தார் என்று நீங்கள் சொல்லக்கூடும்.

இதில் உங்கள் மகள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. பிபிசியில் சேர்ந்த மறுநாள் மோஸ்லி கேமரா முன்னால் வந்து நிற்கவில்லை. சுமார் இருபது வருஷம் அவர் முகமே திரையில் இல்லை. ஆராய்ச்சியாளர்களைத் தேடிப் போவது, கட்டுரைகளைப் படிப்பது, யாரைப் பேச வைப்பது என்று முடிவு செய்வது, எடிட்டிங்கில் உட்கார்ந்து வெட்டுவது, இதுதான் வேலை. அந்த வேலை எப்படிப்பட்டது என்பதற்கு 1994-ல் பிபிசியின் 'ஹொரைசன்' அறிவியல் ஆவணப்பட வரிசையில் அவர் எடுத்த அல்சர் பற்றிய படத்தைச் சொல்லலாம். வயிற்றுப் புண் வருவது கவலையாலும் காரத்தாலும் அமிலத்தாலும்தான் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலத்தில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்ற இரண்டு பேர், இல்லை, இதற்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்றார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மார்ஷல் 1984-ல் அந்தக் கிருமியைக் கரைத்து, தானே குடித்தார். சில நாளில் குமட்டலும் வாந்தியும், உள்ளே கேமரா விட்டுப் பார்த்தால் இரைப்பை அழற்சி. இவ்வளவு நடந்து பத்து வருஷம் ஆகியும் பல டாக்டர்கள் ஆன்டிபயாடிக் கொடுக்காமல் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையையே வருஷக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தார்கள். மோஸ்லியின் படம் அதைத்தான் கேள்வி கேட்டது. அடுத்த வருஷம் பிரிட்டிஷ் மருத்துவர் சங்கமே அவரை ஆண்டின் சிறந்த மருத்துவப் பத்திரிகையாளர் என்று கௌரவித்தது. மார்ஷலுக்கும் வாரனுக்கும் நோபல் கிடைத்தது 2005-ல்தான்.

ஒரு கிளினிக்கில் உட்கார்ந்து அவர் அத்தனை அல்சர்காரர்களைப் பார்த்திருக்க முடியுமா? மெடிக்கல் சீட் வீணாகப் போனதா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள்.

ஐம்பதை நெருங்கும்போதுதான் அவர் தொகுப்பாளர் ஆனார். முதலில் செய்ததே, தன் உடம்பில் தானே பரிசோதனை செய்துகொண்ட மருத்துவர்களைப் பற்றிய தொடர். மார்ஷல் கதையின் தாக்கம் லேசில் விடவில்லை போலிருக்கிறது, பிறகு அதையே தனக்கும் பாணியாக்கிக்கொண்டார். 2014-ல் ஒட்டுண்ணிகளைப் பற்றிய நிகழ்ச்சிக்காக மாட்டிறைச்சியில் வரும் நாடாப்புழுவின் இளம்புழு அடங்கிய கட்டிகளை விழுங்கினார். சில வாரம் கழித்து மாத்திரை அளவு கேமராவையும் விழுங்கி, தன் குடலுக்குள் அது நெளிவதைத் தானே திரையில் பார்த்தார். சாப்பிட்டுக்கொண்டே இதைப் படிப்பவர்கள் மன்னிக்கவும். அதற்கு முன்பு 2012-ல் ரத்தப் பரிசோதனையில் தனக்கு டைப் 2 சர்க்கரை என்று தெரியவந்தபோது (அப்பாவுக்கும் சர்க்கரை இருந்தது), மாத்திரைக்குப் போகாமல் விரதம் பற்றி ஆராய்பவர்களைத் தேடிப் போனார். வாரத்தில் ஐந்து நாள் வழக்கமான சாப்பாடு, இரண்டு நாள் மட்டும் நாளுக்குச் சுமார் 600 கலோரி. ஒன்பது கிலோ இறங்கியது, சர்க்கரையும் கட்டுக்குள் வந்தது. அது நிகழ்ச்சி ஆனது, பிறகு புத்தகம் ஆனது, உலகம் முழுக்க விற்றது. இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் நெருடல் உண்டு. ஒருவர் உடம்பில் நடந்தது ஆதாரம் ஆகாது, அது அவருக்கும் தெரியும். அப்போதே பல நிபுணர்கள் இதற்கு ஆதாரம் போதாது என்று சொன்னார்கள். ஆனாலும் யார் என்ன ஆராய்ச்சி செய்தார்கள் என்பதை அவர் நிகழ்ச்சியிலேயே காட்டினார், அந்த ஆராய்ச்சியாளர்களையே பேச வைத்தார். நம்புவதா வேண்டாமா என்று பார்ப்பவர் யோசிக்க ஏதோ கையில் கிடைத்தது. 2024 ஜூனில் கிரீஸின் சிமி தீவில் கொளுத்தும் வெயிலில் நடைக்குப் போன இடத்தில் இறந்துபோனார், வயது 67.

இப்போது இன்னொரு டாக்டர். மெஹ்மெட் ஓஸ், அமெரிக்கர், மோஸ்லியைப் போலப் பாதியில் விட்டவர் அல்ல, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேர்போன இதய அறுவை நிபுணராக இருந்தவர். அமெரிக்க டிவி நட்சத்திரம் ஓப்ரா வின்ஃப்ரியின் நிகழ்ச்சியில் தலைகாட்டி, 2009-லிருந்து சொந்தமாகவே தினசரி நிகழ்ச்சி நடத்தினார். ஆபரேஷன் தியேட்டர் உடையான ஸ்க்ரப்ஸ் போட்டுக்கொண்டு வந்து, பச்சைக் காப்பிக்கொட்டைச் சாறு உடம்பைக் குறைக்கும் என்ற தோரணையில் அவர் பேசியதற்கு 2014-ல் அமெரிக்க செனட் குழுவில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். அதே வருஷம் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு, அவர் நிகழ்ச்சியில் சொன்ன ஆலோசனைகளில் 46 சதவீதத்துக்குத்தான் ஆதாரம் இருக்கிறது என்றது. 39 சதவீதத்துக்கு ஆதாரமே கிடைக்கவில்லை, 15 சதவீதம் ஆதாரத்துக்கே எதிராக இருந்தது. தொழிலை விட்டுப் போன மோஸ்லி ஆதாரத்தைத் தேடினார், ஆபரேஷன் தியேட்டரில் கொடி கட்டிய ஓஸ் இப்படி மாட்டிக்கொண்டார். அதனால்தான் சொல்கிறேன், உங்கள் மகள் டாக்டராகவே இருப்பாரா மாட்டாரா என்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அந்த நிகழ்ச்சிக்குக் காசு கொடுப்பது யார், ஸ்கிரிப்டில் கடைசியாகக் கை வைப்பது யார், இந்த இரண்டும்தான் விஷயம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் டிவிகளில் காலை நேர மருத்துவ நிகழ்ச்சிகளில் பல, ஒளிபரப்பு நேரத்தை விலைக்கு வாங்கி நடத்தப்படுபவை. மூலையில் பொடி எழுத்தில் 'விளம்பரதாரர் நிகழ்ச்சி' என்று ஓடும், நாம் கண்ணாடி போட்டாலும் தெரியாது. அப்படி ஒரு ஷூட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன், எந்தச் சேனல் என்பது வேண்டாம். 'நேயர் லைனில் இருக்கிறார்' என்றார் தொகுப்பாளர். நேயர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து, கையிலிருந்த தாளைப் பார்த்து, 'எனக்கு மூணு வருஷமா முட்டி வலி சார்' என்று படித்துக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அடுத்த போனில் அதே பையன் குரலைக் கொஞ்சம் தடித்துக்கொண்டு திருநெல்வேலியிலிருந்து பேசினான். கடைசியில் திரையில் ஒரு செல்போன் நம்பர், அதில் கூப்பிட்டால் தைலம் வீட்டுக்கு வரும். அந்த நாற்காலிக்கு எதிரே உங்கள் மகள் கோட்டு போட்டு உட்காரக் கூடாது. அது மட்டும்தான் என் பயம்.

பயத்துக்குச் சட்டத்திலும் இடம் இருக்கிறது. மருத்துவர்களுக்கான 2002-ம் ஆண்டு நடத்தை விதிகள், டாக்டர் தன் பெயரிலேயே பத்திரிகையில் எழுதவும், ரேடியோவிலும் டிவியிலும் பொதுச் சுகாதாரம் பற்றிப் பேசவும் அனுமதிக்கின்றன. ஆனால் அந்தப் பேச்சு தனக்கு நோயாளி பிடிக்கும் விளம்பரமாக மாறக் கூடாது, மருந்துக்கோ கம்பெனிப் பொருளுக்கோ பாராட்டுச் சான்று கொடுக்கக் கூடாது. சர்க்கரை, புற்றுநோய் போன்றவற்றைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-லேயே தனிச் சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள். புரொடியூசருக்கு ஏதாவது ஆனால் அவர் வேறு சேனலுக்குப் போய்விடுவார். பதிவெண் உங்கள் மகளுடையது, மெடிக்கல் கவுன்சிலில் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

இதெல்லாம் சரியாக இருந்தால், போகட்டுமே சார். உங்கள் மாவட்டத்திலேயே வயலில் பாம்பு கடித்தால் இன்னும் கயிற்றை இறுக்கிக் கட்டுகிறார்கள், பிளேடால் கீறுகிறார்கள், மந்திரிக்கப் போய் மணிக்கணக்கை விடுகிறார்கள். 'கட்டாதே, கீறாதே, கடிபட்ட காலை ஆட்டாமல் நேரே ஜிஎச்சுக்குப் போ, விஷமுறிவு ஊசி அங்கேதான் இருக்கிறது' என்பதை ஒரு டாக்டர் பெண் வாராவாரம் நம்முடைய பேச்சில் சொன்னால் அதுவும் வைத்தியம்தான். அரசு சீட்டில் படித்ததற்கு ஊருக்குச் செய்ய வேண்டியது இருக்கிறது என்று நீங்கள் நினைத்தால், நானும் அப்படித்தான் நினைக்கிறேன், ஆனால் அது வார்டில் மட்டும்தான் தீரும் என்று யார் சொன்னது?

ஒரேயடியாக வேலையை விடச் சொல்ல மாட்டேன். வாரம் ஒரு நிகழ்ச்சிக்கு வாரம் முழுவதும் ஷூட் இருக்காது, மருத்துவமனையில் டியூட்டியைக் குறைத்துக் கேட்டுப் பார்க்கலாம். நோயாளியைப் பார்க்காத டாக்டருக்குப் பேச விஷயம் சீக்கிரமே வற்றிவிடும். மோஸ்லி அந்தக் குறையைத் தயாரிப்பு வேலையில் இருபது வருஷம் படித்து ஈடுகட்டினார், உங்கள் மகளிடம் இன்னும் அந்த இருபது வருஷம் இல்லை. நீட் பிஜி இந்த வருஷம் எழுதாவிட்டால் அடுத்த வருஷமும் இருக்கிறது. மெடிக்கல் கவுன்சில் பதிவை மட்டும் காலாவதியாக விடக் கூடாது, அதற்கான தொடர்கல்வி நேரத்தையும், ஐந்து வருஷத்துக்கு முப்பது மணி நேரம், விடாமல் சேர்த்துக்கொண்டே போகட்டும்.

அப்புறம் நீங்கள். பேசாமல் இருப்பதை இந்தக் கடிதத்தோடு நிறுத்திவிடுங்கள், ஏனென்றால் அவருக்கு இப்போது உங்களால் ஒரு காரியம் ஆக வேண்டும். சேனல்காரர்கள் ஒப்பந்தம் என்று பத்துப் பதினைந்து பக்கம் கொடுப்பார்கள், இருபத்தாறு வயதில் யாரும் அதைப் படிப்பதில்லை, கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். வருஷக்கணக்கில் விடைத்தாள் திருத்தியவர் நீங்கள், சிவப்புப் பேனாவை எடுங்கள். மருத்துவ விஷயத்தில் ஸ்கிரிப்டை மாற்றும் உரிமை அவருக்கு இருக்கிறதா, பொருள் விற்கும் பகுதியில் உட்கார மாட்டேன் என்று சொல்ல முடியுமா, அவர் முகத்தையும் பெயரையும் வேறு விளம்பரத்துக்கு வெட்டி ஒட்டிக்கொள்ளலாமா, பாதியில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், இந்த வரிகளைத் தேடி அடிக்கோடு போடுங்கள். தமிழில் ஒப்பந்தம் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் உள்ளூர் வக்கீல் ஒருவரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். முதல் மூன்று விஷயத்தில் அவர்கள் மழுப்பினால், 'வேண்டாம்மா, அடுத்த சேனல் கூப்பிடும்' என்று நீங்கள் சொல்லலாம், அப்போது அவர் காது கொடுத்துக் கேட்பார்.