கோபத்தை வெல்லத் திருச்சபை கற்பிக்கும் பழைய வழி என்ன?
திருப்பலிக்கும் செபமாலைக்கும் தவறாதிருந்தும் கோபம் ஏன் குறையவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாக் குறைகளையும் ஒருசேரத் திருத்த முயல்வதே பெரும்பாலும் காரணம் என்பேன். 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்த ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ என்னும் நூலில், இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார், ஒரே ஒரு குறையைத் தேர்ந்துகொண்டு, காலையில் எழுந்ததும் அதை விலக்க உறுதிகொள்ளவும், அதில் விழும்போதெல்லாம் மார்பில் கைவைத்து வருந்தவும், நண்பகலிலும் இரவு உணவுக்குப் பின்னும் கடந்த நேரத்தை ஆராய்ந்து, விழுந்த ஒவ்வொரு முறைக்கும் தாளில் வரைந்த கோட்டின்மேல் ஒரு புள்ளி இடவும் சொல்கிறார். நேற்றைய கோட்டை இன்றையதோடு ஒப்பிட்டால் வளர்ச்சி கண்ணுக்குத் தெரியும். பாவங்களை அறிக்கையிடும் ஒப்புரவு அருட்சாதனத்தில் சொல்லவேண்டியதும் தெளிவாகும். பொறுமை இப்படிப் பழக்கத்தால் வேரூன்றும். விசுவாசம், நம்பிக்கை, இறையன்பு ஆகிய மூன்றுமோ இறைவன் பொழியும் கொடைகள். அவற்றை வேண்டித்தான் செபமாலையின் தொடக்கத்தில் மூன்று முறை ‘அருள்நிறைந்த மரியே’ சொல்கிறோம்.