ஃபயர்வால் வாங்கியும் தளம் படுத்துவிடுகிறதே!

கே: புதுச்சேரி பிரெஞ்சுப் பகுதியில் சின்ன விடுதி நடத்துகிறோம். சர்வர் எங்கள் ஆபீஸிலேயே இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் புக்கிங் வரும் நேரம் பார்த்து யாரோ போலி டிராஃபிக்கைக் கொட்டித் தாக்குகிறார்கள். புது ஃபயர்வால் போட்டும் பலனில்லை.

ப: உங்கள் லைன் 100 எம்பிபிஎஸ், வந்து குவிவதோ அதைப் போல் பத்து மடங்கு, 1 ஜிபிபிஎஸ் என்று வையுங்கள். ஃபயர்வால் உட்கார்ந்திருப்பது லைனின் இந்த முனையில், நெரிசல் அதற்கு முன்னாலேயே ஆகிவிடுகிறது, அப்புறம் ஃபயர்வால் எத்தனை பாக்கெட்டை (தரவுத் துண்டை) விரட்டினால் என்ன? 2018 பிப்ரவரியில் வினாடிக்கு 1.35 டெராபிட் வேகத்தில் அடி வாங்கிய கிட்ஹப்பே (நிரல்களைச் சேமித்துவைக்கும் பெரிய தளம்) டிராஃபிக்கை அகமாய் என்ற வடிகட்டும் நிறுவனத்துக்குத் திருப்பிவிட்டுத்தான் மீண்டது. நீங்களும் கிளவுட்ஃபிளேர் மாதிரி, டிராஃபிக்கைத் தான் வாங்கி வடிகட்டி அனுப்பும் சேவை ஒன்றை முன்னால் நிறுத்துங்கள். பலரும் அதோடு விட்டுவிடுகிறார்கள், அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். சர்வரின் பழைய ஐபி முகவரி தெரிந்தவன் நேராக உங்கள் வாசலுக்கே வருவான். ஐபியை மாற்றுங்கள், புதியது மெயில் சர்வரின் டிஎன்எஸ் பதிவில் (எந்தப் பெயருக்கு எந்த ஐபி என்று யாரும் பார்க்கக்கூடிய பதிவு) எட்டிப் பார்க்காமல் கவனியுங்கள், தளத்துக்கு வருபவர்கள் நுழையும் 80, 443 போர்ட்டுகளை அந்த நிறுவனம் வெளியிட்டிருக்கும் ஐபி வரிசைகளுக்கு மட்டும் திறந்து வையுங்கள்.

கே: மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். லினக்ஸ் சர்வரில் பாதியில் நிற்கும் இணைப்புகள் ஆயிரக்கணக்கில் தெரிகின்றன.

ப: இதற்குப் பெயர் சின் ஃப்ளட், இணைப்பைத் தொடங்கிவிட்டு முடிக்காமல் விடும் தாக்குதல். ஹோட்டலுக்கு ஃபோன் போட்டு டேபிள் சொல்லிவிட்டு ஆளே வராத கதை. சின் குக்கீ (வரிசை நிரம்பினால் இடம் ஒதுக்கிவைக்காமலே இணைப்பைச் சமாளிக்கும் லினக்ஸ் வசதி) 1, அதாவது இயக்கத்தில், என்று இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் இருக்கும், யாராவது எங்கேயோ படித்துவிட்டு அணைத்திருந்தால்தான் வம்பு. லாகில் (சர்வரின் பதிவுக் கோப்பில்) 'கான்ட்ராக் டேபிள் ஃபுல்', அதாவது இணைப்புகளைக் கண்காணிக்கும் பட்டியல் நிரம்பிவிட்டது, என்று வந்தால் உங்கள் ஃபயர்வாலுக்கே மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். ரேம் இருந்தால் அந்தப் பட்டியலின் வரம்பைக் கூட்டுங்கள், அல்லது வெப் போர்ட்டுக்கு மட்டும் கண்காணிப்பே வேண்டாம் என்று ஃபயர்வாலின் 'ரா' டேபிளில் (கண்காணிப்புக்கு முன்பே பார்க்கப்படும் விதிப் பட்டியல்) விதி எழுதுங்கள்.

கே: ஒரு ஐபிக்கு நிமிடத்துக்கு 20 கோரிக்கைதான் என்று வைத்தேன். வாடிக்கையாளர்களே திட்டுகிறார்கள்!

ப: திட்டாமல்? மொபைல் நெட்வொர்க்கில் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே ஐபியில் வருவார்கள். ஒரு பக்கம் திறந்தாலே படம், ஸ்கிரிப்ட் என்று 20 தாண்டிவிடும். வரம்பை லாகின், தேடல் மாதிரி சர்வருக்கு வேலை வைக்கும் பக்கங்களுக்கு மட்டும் வையுங்கள். முன்னால் கிளவுட்ஃபிளேர் இருந்தால் வருபவரின் உண்மையான ஐபியை, கோரிக்கையோடு அது அனுப்பும் ஹெடரிலிருந்து (தலைப்புத் தகவலிலிருந்து) எடுக்கும்படி சர்வருக்குச் சொல்ல மறக்காதீர்கள், இல்லையென்றால் கிளவுட்ஃபிளேரையே தடுத்துவிட்டு முழிப்பீர்கள்.

கே: ஐசிஎம்பியை (பிங், பிழைத் தகவல் போன்றவை வரும் நெறிமுறை) மொத்தமாக அடைத்துவிடலாமா?

ப: வேண்டாம். பாக்கெட் அளவு பெரிது என்று சொல்லும் தகவலும் அதில்தான் வருகிறது. பிங்குக்கு மட்டும் வேக வரம்பு வையுங்கள், போதும்.

கே: பணம் தராவிட்டால் தளத்தை முடக்குவோம் என்று மெயில் வந்திருக்கிறது.

ப: காசு கொடுக்காதீர்கள், பதிலும் போடாதீர்கள். மெயிலை ஹெடரோடு (எங்கிருந்து வந்தது என்ற தகவலோடு) சேமியுங்கள், லைன் கொடுத்தவரிடம் இப்போதே பேசி வையுங்கள். தாக்குதல் தொடங்கிவிட்டால், 2022 ஏப்ரல் உத்தரவுப்படி அதை அறிந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்கு (இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அவசர அமைப்பு) தெரிவிக்க வேண்டும், லாகையும் 180 நாள் வைத்திருக்க வேண்டும்.